நார்த்தாமலையில் கோயிலுக்கு வேலி போதாது, பாறைக்கும் காப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் நார்த்தாமலை பற்றி வெளிவந்த சுற்றுலாக் கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். விசயாலய சோழீச்சுரத்தின் கட்டடக்கலையைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை பெரும்பாலும் சரியானவை. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அந்தக் கோயில் நிற்கும் மேலமலையைக் கட்டுரையாளர் "வெறும் மொட்டைப்பாறை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றுகளைப் பற்றி எழுதுவோரில் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அரசாங்கக் கோப்புகளிலும் இத்தகைய பாறைகள் பெரும்பாலும் தரிசு என்றோ பாறைப் புறம்போக்கு என்றோதான் இடம்பெறுகின்றன. அந்தச் சொல்லின் விளைவுகளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்து பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக அமைந்துவிட்டது. இடம் ஒதுக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், சமதரையிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் குன்றுகளின் கூட்டத்துக்குத்தான் நார்த்தாமலை என்று பெயர். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, கோட்டைமலை, உவச்சன்மலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலை உள்ளிட்ட ஒன்பது குன்றுகளுக்கு ஊரார் பெயர் சொல்வார்கள். அனுமன் தூக்கிச்சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகளே இவை என்ற கதையும் இங்கே வழங்குகிறது. இவற்றுள் மேலமலைதான் பார்ப்பவரை உடனே நிறுத்திவிடும் தோற்றம் கொண்டது. மரமோ மண்ணோ மறைக்காத அகன்ற பாறைத்தளம் ஒன்று, மெல்லச் சரிந்து, ஏறுகிறோம் என்ற உணர்வே அதிகம் இல்லாமல் நம்மை மேலே கொண்டுபோய்விடுகிறது. அந்தத் தளத்தின் நடுவே, அடித்தளத்துக்கு மண் தோண்ட வழியே இல்லாத இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், நின்றுகொண்டிருக்கிறது.

இந்தப் பாறை உருவான விதத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி இறுகிய கருங்கல் வகையைச் சேர்ந்தது இது. தென்தமிழகத்தின் அடித்தளப் பாறைகள் அனைத்தையும் போலவே 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது, அதாவது டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவானது. அதன்மேல் கிடந்த பல கிலோமீட்டர் கனமுள்ள நிலப்பகுதி மழையாலும் காற்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுவிட, சுற்றியிருந்த மென்மையான, வெடிப்புகள் நிறைந்த பாறை மக்கி மண்ணாகிச் சமவெளியாயிற்று. வெடிப்புகள் குறைவாக இருந்த கெட்டிப்பகுதி மட்டும் கரையாமல் குன்றாக எஞ்சி நின்றது. மேலிருந்த பாரம் நீங்கியதால் அந்தப் பாறை மேல்நோக்கிச் சற்றே விரிந்துகொடுக்க, அதன் மேற்பரப்புக்கு இணையாகவே விரிசல்கள் ஓடி, வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்கான பொருக்குகள் உண்டாயின. மேலமலையில் ஏறும்போது காலடியில் சில இடங்களில் 'தொம்' என்று உள்ளீடற்ற ஒலி கேட்பதற்கு இந்தப் பொருக்குகளே காரணம். கல்தச்சர்கள் தட்டிப்பார்த்து இதைக் கண்டுகொள்வார்கள். எங்கே கல் தானாகப் பெயரும், எங்கே எத்தனை அடித்தாலும் பெயராது என்பதை அந்த ஒலியே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

மொட்டைப்பாறை என்று சொல்லப்படும் இந்தப் பரப்பில் உயிர்கள் இல்லாத இடமே இல்லை என்பதைக் குனிந்து பார்ப்பவர் எவரும் அறியலாம். கருங்கல்லின் இயல்பான நிறம் வெளிர்சாம்பல். அதன் சரிவுகளில் நீர் வழிந்தோடும் தடமெங்கும் நாம் காணும் கருமையான பட்டைகள் நுண்ணுயிர்கள், குறிப்பாக நீலப்பச்சைப் பாசிகள், படிந்து வாழும் இடங்கள். வெயில் காலத்தில் அவை காய்ந்த கறையாகத் தெரியும். முதல் மழை பட்டதும் உயிர்பெற்று வழவழப்பாகும். அவற்றையொட்டி வட்டவட்டமாக, வெண்மையும் இளம்பச்சையும் மஞ்சளுமாகக் கற்பாசிகள் படர்ந்திருக்கின்றன. இவை மிக மெதுவாக வளர்பவை; பாறையில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போகும் ஒருவர் அழிக்கும் ஓர் உள்ளங்கையளவு கற்பாசி, அவருடைய வயதைக் காட்டிலும் மூத்ததாக இருக்கக்கூடும். பாசியும் கற்பாசியும் பிடித்துவைத்த தூசியிலும் மணலிலும் இரண்டு விரற்கடை கனத்துக்கு மண் சேர்ந்த இடங்களில் பாசிச்செடிகளும் பாறைப்புற்களும் மெத்தைபோல் வளர்கின்றன. கோடையில் இந்தப் பாறையின் மேற்பரப்பு வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செருப்பில்லாமல் கால்வைக்க முடியாது. அந்த வெப்பத்தில் சருகாகிச் சுருண்டு, இறந்துவிட்டதாகவே தோன்றும் சிலவகைப் புற்கள், ஐப்பசி மழை இறங்கிய ஓரிரு நாட்களில் அதே இலைகளுடன் பச்சையாகிவிடுகின்றன. புதிதாகத் துளிர்ப்பது எல்லாச் செடிக்கும் உள்ள இயல்பு; காய்ந்துபோன இலையே திரும்பவும் உயிர்பெறுவது தாவர உலகில் மிகச் சில இனங்களுக்கு மட்டுமே வாய்த்த திறன்.

பொருக்குகளின் இடுக்குகளில் வேர்விட்ட கல்லத்தியும் இச்சியும், அடிவாரத்தில் உசிலை, சூரை, களா, காயா, கள்ளி வகைகள் சேர்ந்த முட்புதர்க்காடும் இந்தக் குன்றுகளுக்கு உரியவை. வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் என்று தாவரவியலார் சொல்லும் இத்தகைய குறுங்காடுகள் தமிழகத்தின் கிழக்குச் சமவெளியில் கோயில்காடுகளாகவும் குன்றின் அடிவாரங்களிலும் மட்டுமே துண்டுதுண்டாக எஞ்சியுள்ளன. தென்னிந்தியப் பாறைகளுக்கே உரிய பாறை ஓணானை இனப்பெருக்க காலத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பாறையின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் ஆண் ஓணான், பெண்ணைக் கண்டதும் முதுகு செக்கச்செவேலென்றும் பக்கங்கள் கன்னங்கரேலென்றும் மாறி, மிக உயரமான கல்லின்மேல் ஏறித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். வகுப்பறையில் நிறமாற்றம் பற்றி எத்தனை முறை சொன்னாலும் புரியாத மாணவர்களுக்கு, மலையடிவாரத்தில் அரை மணிநேரம் அசையாமல் உட்காரவைத்துக் காட்டியபோது புரிந்தது. பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயில்களிலும் கல்லிடுக்குகளிலும் வௌவால்களும், செங்குத்தான பாறை முகங்களில் கொம்பன் ஆந்தையும் தங்கி, சுற்றியுள்ள வயல்களில் பூச்சிகளையும் எலிகளையும் கட்டுப்படுத்திவருவதை உழவர்கள் அறிவார்கள்.

இனி தண்ணீரைப் பற்றி. பாறையின் மேற்பரப்பில் எங்கோ ஒரு சிறு பள்ளத்தில் தங்கிய மழைநீர், கல்லிலுள்ள மென்மையான கனிமங்களைக் களிமண்ணாக மக்கச்செய்து, அடுத்த மழையில் அதைக் கரைத்து வெளியேற்றி, பள்ளத்தை மேலும் ஆழமாக்குகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்ததன் பயனே மலைமேல் நாம் காணும் சுனைகள். ஆழமற்ற சுனைகள் மார்கழி, தை வரை தாங்கும். அதற்குள் தவளைகளும் தட்டான்களும் தம் ஒரு தலைமுறையை முடித்துக்கொண்டாக வேண்டும். ஆழமானவை கோடையிலும் வற்றுவதில்லை. மேலமலையில் தலையருவிச் சிங்கம் என்று அழைக்கப்படும் சுனை அத்தகையது. அதன் நீருக்கு அடியில் சிறு குடைவரை ஒன்றும் அதில் சிவலிங்கமும் உள்ளன. நீரை முழுவதும் இறைத்தால்தான் லிங்கத்தைப் பார்க்க முடியும். புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில், அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அப்படி நீரை இறைக்கச்செய்து வழிபட்ட செய்தி அங்கேயே பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. தெய்வத்தைச் சுனைக்குள் வைத்ததன் மூலம் சுனையையே தெய்வமாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வழிபாட்டின் பொருள் என்னவாக இருந்தாலும், அந்த நீரில் குப்பை போட அக்காலத்தில் எவரும் துணிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சுனையில் தங்கியது போக மீதி நீர் எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் பாறைமேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர். மண் உறிஞ்சிக்கொள்ள வழியில்லாததால் அதில் பெரும்பகுதி சரிவில் இறங்கி அடிவாரத்தை அடைகிறது. நதிப்பாசனம் மிகக் குறைவான, ஏரியையும் கண்மாயையும் நம்பியே நெல் விளைந்த இந்த மாவட்டத்தில், ஒவ்வொரு பாறைக்குன்றும் தன் காலடியிலுள்ள குளத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருந்துவந்திருக்கிறது. ஊரை அமைத்தவர்கள் குன்றைப் பார்த்துத்தான் குளத்தின் இடத்தைத் தீர்மானித்தார்கள். குன்றை உடைத்தபின் குளத்தைத் தூர்வாருவதில் எவ்வளவு செலவிட்டாலும் அந்த நீர்வரத்தைத் திரும்பப் பெற முடியாது.

வெயிலுக்கு ஒதுங்க இயற்கைக் குகையும், குடிக்கச் சுனைநீரும், ஊரிலிருந்து விலகிய தனிமையும் ஒருசேரக் கிடைத்ததால், துறவிகள் இந்தக் குன்றுகளைத் தேடி வந்ததில் வியப்பில்லை. இங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம் என்ற குகையில், கிறித்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்படுக்கைகளும் உள்ளன. நார்த்தாமலையின் ஆளுருட்டிமலையிலும் சமணக் குகையும் அமர்ந்த நிலையிலுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்குப் பின்வந்த, இப்பகுதியின் சிற்றரசர்களான முத்தரையர்கள்தான் இந்தப் பாறையில் உளியை ஆழமாக இறக்கினார்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி மேலமலையில் சிவனுக்கு ஒரு குடைவரையைத் தோண்டினான். அதுவே இன்று பழியிலீச்சுரம் எனப்படுகிறது. அவனுடைய மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முன்மண்டபம் எடுத்து, நந்தியும் பலிபீடமும் அமைத்தாள் என்பதையும் கல்வெட்டு பதிவுசெய்துள்ளது. பாட்டன், தந்தை, மகள் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் பெயர்களைச் சிறிய குடைவரை ஒன்றிலிருந்து அறிய முடிவதையும், அதில் ஒரு பெண்ணின் திருப்பணி தனியே சொல்லப்படுவதையும், அந்த வழியாகச் செல்லும் பார்வையாளர்களுக்கு எவராவது சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்தக் குடைவரைக்கு எதிரே மேற்கு நோக்கி நிற்பதுதான் விசயாலய சோழீச்சுரம். வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமாகக் கருவறை. இரண்டுக்கும் நடுவே சுற்றுவழி. மேலே வட்டமான கழுத்தும் சிகரமும். தளங்களின் விளிம்புகளில் ஆடும் மகளிர் உருவங்கள். சுற்றிலும் சிறு துணைக்கோயில்கள், அவற்றில் சில சிதைந்துவிட்டன. சோழப் பேரரசின் தொடக்கத்தில் விசயாலயனின் பெயரைத் தாங்கியதாக இது அறியப்பட்டாலும், வாயிற்காவலர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டு வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி இது என்றும், மழையால் அது இடிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்றும் அக்கல்வெட்டிலிருந்து அறிகிறோம். மறைப்பு எதுவும் இல்லாத பாறைத்தளத்தின் மேல் வடகிழக்குப் பருவமழையின் முழு வேகமும் விழும் இடம் இது என்பதை ஐப்பசியில் அங்கே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். கட்டியவரின் பெயருடன் இடித்த மழையையும் கல்வெட்டில் பொறித்த அந்தப் பண்பு, இந்த இடத்தின் இயற்கை வரலாற்றையும் மனித வரலாற்றையும் தனித்தனியே எழுத முடியாது என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சான்று.

பழியிலீச்சுரத்தை அடுத்துள்ள பெரிய குடைவரையை ஊரார் சமணர் குடகு என்கிறார்கள். அதன் உள்சுவர்களில் ஏறக்குறைய ஆள் உயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், சங்கும் சக்கரமும் ஏந்தி, ஒன்றைப்போலவே மற்றொன்றாக நிற்கின்றன. முன்னாலுள்ள அடித்தளத்தின் விளிம்பில் யாளிகளும் யானைகளும் வரிசையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் சிற்பி வேறுவேறு குறும்பை வைத்திருக்கிறார். முதலில் சமணக் குகையாக இருந்து, பின்னர் திருமால் கோயிலாக மாறியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில், 1228ஆம் ஆண்டையொட்டி, இங்கே திருமால் எழுந்தருளச்செய்யப்பட்ட செய்தி கல்வெட்டில் உள்ளது. சமணம், சைவம், வைணவம் ஆகிய மூன்றும் ஒரே பாறையின் முகத்தில் ஒரு கல்லெறி தூரத்துக்குள் இருக்கின்றன.

இந்த ஊரைப் பணக்கார ஊராக்கியவர்கள் வணிகர்கள். இராசராச சோழன் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயருடன் வணிகர்களின் நகரமாக இது விளங்கியது. நகரத்தார் சபை நிலம் விற்றதும் கோயில்களுக்குக் கொடை அளித்ததும் கடம்பர்மலைப் பகுதிக் கல்வெட்டுகளில் விரிவாகக் காணப்படுகின்றன. நகரீசுவரம் என்ற கோயிலின் பெயரே அவர்களை நினைவூட்டுகிறது. இன்று அந்த வணிக நகரத்தின் தெருக்கள் எதுவும் மிஞ்சவில்லை. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் திரளும்போது மட்டும் பழைய நகரத்தின் பரபரப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

கல்லுடைப்பைப் பற்றிப் பேசாமல் இக்கடிதத்தை முடிக்க முடியாது. பேசும்போது நியாயமாகவும் பேச வேண்டும். இந்தக் குன்றுகளில் மனிதன் கல் எடுப்பது புதிதல்ல. பாறையில் சில இடங்களில் சம இடைவெளி விட்டு, ஒரே நேர்க்கோட்டில், விரல் நீளத்துக்கு வெட்டப்பட்ட செவ்வகக் குழிகளைக் காணலாம். அவற்றில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளப்பார்கள். சில வரிசைகளில் கல் பெயர்க்கப்பட்டு, பாதிக்குழிகள் மட்டும் பல்வரிசைபோல விளிம்பில் நிற்கின்றன. வேறு சிலவற்றில் குழி வெட்டிய பின் ஏனோ வேலையை விட்டுவிட்டார்கள். காவிரிப் படுகையில் கருங்கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கல் நார்த்தாமலை வட்டாரத்திலிருந்து சென்றிருக்க வேண்டும் என்று பலர் கருதுவது அதனால்தான். உளியும் ஆப்பும் நெருப்பும் கொண்டு பொருக்குகளைப் பெயர்த்த அந்தத் தொழில், எத்தனை கோயில்கள் எழுந்தபோதும் குன்றை அழித்துவிடவில்லை. கம்ப்ரசரும் வெடிமருந்தும் பொக்லைனும் ஜல்லி கிரஷரும் வந்த பிறகுதான் ஒரு தலைமுறைக்குள் ஒரு குன்று காணாமல்போவதும், அதன் இடத்தில் பச்சைநிறத் தண்ணீர் தேங்கிய பெரும்பள்ளம் உருவாவதும் சாத்தியமாயின.

கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் குற்றவாளிகளாக்கி எழுதும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்த மாவட்டத்தில் நெடுங்காலமாகச் சோறு போட்டது அந்தச் சம்மட்டிதான். முன்பணம் வாங்கிய கடனுக்காகக் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களும் அவர்களே. 1990களின் தொடக்கத்தில், மாவட்டத்தையே எழுத்தறிவால் கிளறிவிட்ட அறிவொளி இயக்கத்தின் காலத்தில், சிறு கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கணக்கெழுதவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்ட பெண்கள், தாங்கள் உடைத்த கல்லுக்குத் தாங்களே விலை பேசிய காலம் அது. அந்த நல்ல முயற்சி நிலைபெறாமல் போனதும், இயந்திரங்களின் கைக்குத் தொழில் மாறியதும் தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. இன்றைய பெருங்குவாரிகளில் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் வேலை மிகக் குறைவு. வெடியதிர்வும் தூசியும் கிரஷரின் இரைச்சலும் மட்டும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆகவே பாறையைக் காக்க வேண்டும் என்பதும் தொழிலாளரைக் காக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பகையான கோரிக்கைகள் அல்ல.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேலமலைக் கோயிலும் குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர். சமவெளியில் ஒரு கோயிலைச் சுற்றி இந்த அளவு போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒன்பது குன்றுகளாகப் பரந்து கிடக்கும் ஓர் இடத்தில், சுனைக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் இடையிலுள்ள தொடர்பை 300 மீட்டர் வட்டத்துக்குள் அடக்க முடியாது. ஒரே பாறைப்பிண்டத்தின் தொலைவான முனையில் வைக்கும் வெடி, பொருக்குகளின் இடுக்குகளை அகலப்படுத்திக்கொண்டே வருமானால், வேலிக்குள் இருக்கும் குடைவரையின் கூரை அதனால் பாதிக்கப்படாது என்று எந்தப் பொறியாளரும் உறுதியளிக்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பர் 22 அன்று தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது இந்தப் பிரிவின்கீழ்தான். அங்கும் இதே கூட்டணிதான்: கருங்கல் குன்றுகள், சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், பாண்டியர் குடைவரை, சுனைகள், குன்றைச் சார்ந்த கண்மாய்கள், பாறை முகங்களில் வாழும் வல்லூறுகள். 2024 இறுதியில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது, ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. தலமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது என்ற ஒரு காகிதம் அந்த மக்களின் வாதத்துக்கு எவ்வளவு வலுச்சேர்த்தது என்பதை நாம் அனைவரும் பார்த்தோம். 2025ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் சிறிய கோயில்காடும் இதே தகுதியைப் பெற்றது. நார்த்தாமலைக் குன்றுகள் இவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

தைலமரங்களைப் பற்றியும் ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் காட்டுநிலம் என்று பெயர்பெற்ற பரப்பில் பெரும்பங்கை நெடுங்காலமாகத் தைலமரமே ஆக்கிரமித்திருக்கிறது. தைலமரங்களுக்காக நிலத்தில் இழுக்கப்படும் வரப்புகளும் பள்ளங்களும், குன்றிலிருந்து இறங்கும் நீர் குளத்தை அடையாமல் இடையிலேயே மறிக்கின்றன என்று உழவர் அமைப்புகள் திரும்பத் திரும்ப முறையிட்டுள்ளன. பாறையைக் காத்து, அதன் அடிவாரத்தைத் தைலமரத்துக்கு விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்ததாகும். அடிவாரத்துக்கு உரியவை உசிலையும் காயாவும் களாவும். அவற்றின் விதைகள் இன்னும் பறவைகளின் எச்சத்தில் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை முளைத்து வளர இடம் விடுவதே போதும். நல்லெண்ணத்துடன் மலைமேல் மண் கொட்டி மரக்கன்று நடவரும் அமைப்புகளுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். பாறைத்தளத்துக்கு மரம் தேவையில்லை; அதன்மேல் வாழ்வதற்கென்றே உருவான புல்லும் பாசியும் மரநிழலில் வாழமாட்டா.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வரவிருக்கும் வாசகர்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. சுனையில் சோப்புப் போட்டுக் குளிப்பதும், உடைந்த மதுப்புட்டிகளைச் சுனைக்குள் எறிவதும் தவளை முட்டையிலிருந்து ஆடுமேய்க்கும் சிறுவனின் பாதம் வரை அனைத்தையும் காயப்படுத்துகின்றன. மழைக்காலத்தில் புல்மெத்தைகளின் மேல் நடக்காமல் வெறும் பாறையில் நடந்தால், மெத்தையும் பிழைக்கும், நடப்பவரும் வழுக்கிவிழமாட்டார்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது மூன்று செயல்கள். ஒன்பது குன்றுகளின் சுனைகள், ஓடைகள், வரத்து வாய்க்கால்கள், குகைகள், கல்வெட்டுள்ள பாறைகள் ஆகிய அனைத்தையும் வருவாய்த் துறையும் தொல்லியல் துறையும் இணைந்து புல எண்ணுடன் வரைபடத்தில் குறிக்க வேண்டும். சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, ஆடுமேய்ப்பவர்களையும் கல்தச்சர்களையும் மூலிகை அறிந்த முதியவர்களையும் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். இவ்விரண்டின் அடிப்படையில் நார்த்தாமலையைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கத் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும். அந்த முன்மொழிவின் மீது முடிவு வரும்வரை இந்தக் குன்றுகளிலும் அவற்றின் நீர்ப்பிடிப்பிலும் புதிய குவாரி உரிமம் எதையும் வழங்கக் கூடாது. வரைபடம் தயாரானதும் அதை அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டாமல், அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே ஊரார் முன் விரித்துவைத்து, விடுபட்ட சுனைகளை அவர்களைக் கொண்டே குறிக்கச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.